சாவி போட்டதுமே டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறுகிறதா?

இரவெல்லாம் நின்று குளிர்ந்த பழைய டீசல் ஜீப்பில் சாவி போட்டதுமே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது என்றும், சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சோதனைக்காகக் கழற்றலாம், கழற்றிவிட்டு ஓட்டவே கூடாது.

இத்தகைய வண்டிகளின் சென்சாரில், சூடு ஏற ஏற மின்தடை குறையும். ஒற்றை ஒயரில் வரும் மின்சாரம் அதன் வழியாக இன்ஜின் உடலில் எர்த் ஆகிறது. ஆகவே, அந்த ஒயர் வழியில் எங்காவது உரிந்து உடலைத் தொட்டாலும், சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும், மீட்டர் அதைக் கடும் சூடு என்றே காட்டும். சாவியை ஆன் நிலையில் வைத்து, சென்சாரிலிருந்து ஒயரை உருவிப் பாருங்கள். முள் இறங்கினால் கோளாறு சென்சாரில் இருக்கிறது. இறங்காவிட்டால் ஒயரை டேஷ்போர்டு வரை தொடர்ந்து பாருங்கள். குறிப்பாக, தகட்டுத் துளையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். டீசல் அளவு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால், இரண்டு மீட்டர்களுக்கும் சீரான மின்னழுத்தம் தரும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையும் சோதிக்க வேண்டும்.

கழற்றிய சென்சாரை வெந்நீரில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால், நீர் சூடாகச் சூடாக ஓம் அளவு சீராகக் குறைய வேண்டும். புதியது வாங்கும்போது உங்கள் மீட்டருக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். மரை பொருந்துகிறது என்பது மட்டும் போதாது.

ஒயரைக் கழற்றி ஓட்டுவதை நான் இவ்வளவு கண்டிப்பாக மறுப்பதற்குக் காரணம் உண்டு. என் வண்டியில் ஹோஸ் கசிந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட் குறைந்தபோது, சென்சாரின் நுனி நீரில் மூழ்காமல் நின்றதால் முள் தாழ்ந்தே இருந்தது. அதை நம்பி நான் ஓட்டிக்கொண்டே போனதில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. அதிகமாகக் காட்டும் முள் நம்மை நிறுத்திப் பார்க்கவாவது வைக்கிறது. குறைவாகக் காட்டும் முள்ளோ இன்ஜினையே பலி வாங்கிவிடும். ஒயரைக் கழற்றிவிட்டாலும் முள் அப்படித்தான் தாழ்ந்தே கிடக்கும். ஆகையால் எந்தச் சோதனைக்கும் முன்பு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பாருங்கள்.

பழுது நீக்கியபின், நன்கு ஓடிச் சூடான இன்ஜினின் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கூட்டின்மேல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அங்கே ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் இருக்கும். அப்போது முள் எங்கே நிற்கிறதோ, அதுவே உங்கள் வண்டியின் இயல்பான இடம்.