கோயிலில் ஒட்டாத மனம், மலையைச் சுற்றி நடந்தால் ஒட்டுமா?

"கோயில் வரிசையில் நின்றாலே எரிச்சல்தான் வருகிறது. இயற்கையில் நடந்தால் மனம் புதுசாகும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல வேலையில் அடிபட்டவர் என்றே தோன்றுகிறது. தப்பென்றால் மன்னியுங்கள்.

எனக்கு அது நடந்தது திருவண்ணாமலை கிரிவலப் பாதையில். உடனே ஒருவர் வருவார்: "14 கிலோமீட்டரும் ரோடு, லைட் கம்பம், டீக்கடை. இதுவா இயற்கை?" இன்னொருவர், "மலையே சிவன், அதைப் போய் இயற்கை என்கிறாயே" என்பார். இருவருக்கும் என்னிடம் பதில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் தடவை மச்சானோடு பௌர்ணமிக்குப் போனேன். முன்னால் போகிறவர் முதுகைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அன்னதானத் தட்டுகளை மிதித்து, காலில் கொப்புளத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.

அப்புறம் வேலை போனது. 19 வருடம் பர்ச்சேஸ் பிரிவில் இருந்த கம்பெனி. இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஊழியர் ஆரோக்கியம் என்று ஒரு நடைப்போட்டி வைத்தார்கள். போனில் ஆப் ஏற்றித் தினம் 10,000 அடி நடக்க வேண்டும். கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் போனைக் குழந்தையின் தொட்டிலில் போட்டு ஆட்டியே முதல் பரிசு வாங்கினார். நிஜமாகவே நடந்த எனக்கு இரண்டாவது. தொட்டில்காரர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலை போன இரண்டாவது மாதம், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். விடியற்காலை நான்கு மணி. பழக்கதோஷம், எத்தனை அடி என்று போனைப் பார்த்துப் பார்த்தே வேகமாக நடந்தேன். ரமணாசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்பிய கொஞ்ச நேரத்தில் சார்ஜ் தீர்ந்தது. முதலில் கோபம்தான் வந்தது. எண்ண ஆள் இல்லை என்றதும் கால் தானாகத் தளர்ந்தது. நிறைமாத கர்ப்பிணி மாதிரி மெதுவாகச் சுற்ற வேண்டும் என்று அம்மா சொல்வார். ரமணர் அன்பர்களோடு இரண்டு மூன்று நாள்கூட எடுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். எனக்கு அன்று ஐந்து மணி நேரம் ஆனது.

இருட்டில் எங்கோ மயில் அகவியது. ராத்திரி ஈரத்தில் தார் ரோடு பாதத்துக்குச் சில்லென்று இருந்தது. பாதையோரம் இருக்கிற எட்டு லிங்கங்களில் ஒன்றான நிருதி லிங்கம் தாண்டி வெளுத்தபோது மலையைப் பார்த்தேன். ஊருக்குள்ளிருந்து ஒற்றைக் கூம்பாகத் தெரிகிற அதே மலை, பின்பக்கம் போகப்போக வேறு வேறு ஆளாக நிற்கிறது.

அடி அண்ணாமலை பக்கம் ஒரு டீக்கடை அக்கா ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, ஒரு கை பிடிங்க" என்றார். தூக்கிவிட்டேன். டீக்குக் காசு வாங்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில் ஒரு ஆள்கூட என்னை எதற்கும் கூப்பிட்டிருக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. டீ சூடு என்று சமாளித்தேன்.

அது மலை செய்ததா, அக்கா செய்ததா, நாலு மணிக்கு எழுந்த அசதியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதன்பின் மாதம் ஒரு முறை போகிறேன். கோயிலுக்குள் போவதில்லை. அதற்கு வீட்டில் திட்டு தனி.

நீங்கள் போவதானால் பௌர்ணமி வேண்டாம். கோடையில் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், தார் பொசுக்கும். வழியில் இடுக்குப் பிள்ளையார் என்று ஒரு சின்னக் கோயில், அதன் குறுகலான சந்துக்குள் நுழையும் முன் தொப்பையைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். செருப்பை எங்கே விட்டீர்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். நான் இதுவரை இரண்டு ஜோடி தொலைத்திருக்கிறேன்.