கடேனா வான்படைத் தளம்: வேலை, பயிற்சி, ஓய்வு – கேள்வி பதில்

ஜப்பானின் ஒகினாவாத் தீவில் இருக்கிறது அமெரிக்க வான்படையின் கடேனா தளம். ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு ஓடுபாதைகள், 18ஆவது விங் என்ற பெரிய படைப்பிரிவு, மேற்கே கைக்கெட்டும் தூரத்தில் கடல். போர் விமானம் என்றதும் எல்லாரும் விமானியைத்தான் கேட்கிறார்கள். இங்கே வந்த கேள்விகளில் பாதி தரையில் நின்று விமானத்தைப் பராமரிப்பவர்களைப் பற்றியது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

கேள்வி: அண்ணா, ஷிஃப்ட் தொடங்கியதும் நேராக விமானத்துக்குப் போய்விட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் என்ன செய்வார்கள்?

வேலை பகல், மாலை, நள்ளிரவு என்று மூன்று ஷிஃப்ட்டாக ஓடும். எந்த ஷிஃப்ட்டானாலும் முதலில் ஆள் கணக்கு. முந்தைய ஷிஃப்ட் எதை எந்த நிலையில் விட்டுப்போனது, எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மின்னல் எச்சரிக்கை இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே சொல்லப்படும்.

அடுத்தது பதிவேடு. ஒவ்வொரு விமானத்துக்கும் 781 என்ற எண் வரிசையில் படிவங்கள் உண்டு. அதில் மூன்று சிவப்புக் குறிகளைத்தான் கண் முதலில் தேடும். பெருக்கல் குறி இருந்தால் விமானம் பறக்கக் கூடாது. கிடைக்கோடு என்றால் செய்ய வேண்டிய பரிசோதனை தவணை தாண்டிவிட்டது, உள்ளே நிலைமை என்னவென்று தெரியாது என்று பொருள். சாய்கோடு என்றால் குறை இருக்கிறது, ஆனால் பறக்கத் தடையில்லை. பெருக்கல் குறியை நீக்க வேலை செய்தவர் கையெழுத்து மட்டும் போதாது. அதற்கென அதிகாரம் பெற்ற ஒருவர் வந்து, தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

பிறகு எஃப்.ஓ.டி. நடை. எஃப்.ஓ.டி. என்றால் இன்ஜினுக்குள் போய்ச் சேதம் செய்யக்கூடிய அந்நியப் பொருள். எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நின்று, விமானம் நிறுத்தும் தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தரையைப் பார்த்தபடி நடப்பார்கள். கூழாங்கல், கம்பித்துண்டு, ஆணி, பெயர்ந்த சிமெண்ட் சில் எது கிடந்தாலும் பொறுக்கிப் பைக்குள் போட வேண்டும். இன்ஜினுக்குள் சுழலும் கம்ப்ரஸர் பிளேடின் விளிம்பில் சிறு வெட்டு விழுந்தால் போதும், அந்த இடத்திலிருந்து விரிசல் தொடங்கும். உள்ளே வரும் வண்டிகளுக்கும் இதே விதிதான்: நுழைவாயிலில் நிறுத்தி, டயர் பள்ளங்களில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். டயரின் தரையில் பதிந்த பகுதி கண்ணுக்குத் தெரியாது. வண்டியைக் கொஞ்சம் உருட்டி அதையும் பார்க்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டிய பஞ்சுக் குழி இருக்கும், கருவியில் பெட்டியின் எண் பொறித்திருக்கும். ஒரு குழி காலியாக இருந்தால் பெட்டியைத் திறந்த நொடியே தெரிந்துவிடும். துடைக்கும் துணிக்குக்கூட எண்ணிக்கை உண்டு. குறைந்தால் வேலை நிற்கும், மேலாளருக்குச் சொல்லப்படும், அந்தக் கருவி பயன்பட்ட விமானத்துக்குப் பெருக்கல் குறி விழும். கிடைக்கவில்லை என்றால் பலகைகளைக் கழற்றித் தேடுவார்கள், இன்ஜினுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். இங்கே பெரிய தப்பு கருவியைத் தொலைப்பது அல்ல, தொலைந்ததைச் சொல்லாமல் இருப்பது. உடனே சொல்பவரைத் தண்டிக்கும் கூட்டத்தில் அடுத்தவன் சொல்ல மாட்டான். அதை ஒவ்வொரு மேலாளரும் நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: கடலோரத் தளத்தில் துருதான் முதல் எதிரி என்கிறார்கள். அலுமினியம் துருப்பிடிக்காதே?

இரும்பைப் போலச் செந்துரு பிடிக்காது, ஆனால் அரிக்கும். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு ஏடு. உப்பிலுள்ள குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் அது சிறு பேட்டரியாகவே மாறி, அலுமினியத்தைத் தின்னும். பெயிண்ட் குமிழ் விட்டிருந்தால், ஆணித் தலையைச் சுற்றி வெண்பொடி தெரிந்தால், உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: சக்கரக் குழி, இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பின் தண்டவாளம், வயிற்றுப் பகுதி, கழிப்பறை அடி, பேட்டரித் தட்டு. வயிற்றில் இருக்கும் வடிகால் துளைகளை மறக்கவே கூடாது. இடைவெளி அடைக்கும் பசையான சீலண்ட் ஒரு துளி அடைத்தாலும் தண்ணீர் மாதக்கணக்கில் உள்ளேயே நிற்கும்.

தரையிறங்கிய விமானத்தை, தரையிலிருந்து பீறிடும் நன்னீர்த் தாரைகளுக்கு நடுவே மெதுவாக ஓட்டிப் போவதுண்டு. அதற்குப் பறவைக் குளியல் என்று பெயர். அது உப்பை அலசும், அவ்வளவுதான். கிரீஸ், புகைக்கரி போக சோப்புக் குளியல் தனியாக வேண்டும். அதில் மூன்று விஷயம் முக்கியம். தாரையை பேரிங், சீல், மின் இணைப்பு மீது நேராக அடிக்கக் கூடாது. கழுவி முடித்ததும் கிரீஸ் போட வேண்டும், ஏனென்றால் தண்ணீர் பழைய கிரீஸை வெளியே தள்ளிவிட்டிருக்கும். மூன்றாவது, காற்றழுத்தத்தை அளக்கும் துளைகளை மூடிய ஒட்டுப்பட்டையைக் கழற்ற வேண்டும். 1996 அக்டோபர் 2 அன்று பெருவின் லிமாவிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 757-இல் கழுவும்போது ஒட்டிய பட்டை அப்படியே இருந்துவிட்டது. உயரமும் வேகமும் தவறாகக் காட்டி, விமானம் கடலில் விழுந்தது. 70 பேரும் இறந்தார்கள். அதனால்தான் கண்ணில் உறுத்தும் நிறத்தில் உறை, அதில் தொங்கும் சிவப்பு நாடா, எத்தனை உறை போட்டோம் என்ற கணக்கு எல்லாம். உடம்பின் நிறத்திலேயே இருக்கும் பட்டையை எந்தக் காரணத்துக்காகவும் ஒட்டாதீர்கள்.

கேள்வி: வெறும் ஈரக்காற்று விமானத்தை விழவைக்குமா?

விழவைத்திருக்கிறது. 2008 பிப்ரவரி 23, குவாம் தீவின் ஆண்டர்சன் தளம். பி-2 குண்டுவீச்சு விமானத்தின் காற்றழுத்த உணரிகள் 24-இல் மூன்றில் ஈரம் புகுந்திருந்தது. அந்த நிலையிலேயே அளவுதிருத்தம் செய்துவிட்டார்கள். பிறகு சூடாக்கியைப் போட்டதும் ஈரம் ஆவியாகிவிட்டது, திருத்தம் பொய்யாகிவிட்டது. கணினி தவறான வேகத்தையும் கோணத்தையும் நம்பி, எழும்பியவுடனே மூக்கை மேலே தூக்கியது. இரண்டு விமானிகளும் குதித்துத் தப்பினார்கள், விமானம் எரிந்தது. திருத்தம் செய்யும் முன்பே சூடாக்கியைப் போட வேண்டும் என்பது சிலருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது, ஆனால் எல்லாருக்குமான எழுத்து நடைமுறையாக ஆகவில்லை. கைப்பழக்கத்தைக் கையேட்டில் ஏற்ற வேண்டும் என்று பயிற்சியாளர்கள் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

கேள்வி: சக்கரத்தில் நைட்ரஜன் எதற்கு? மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சாதாரணக் காற்றில் ஈரமும் ஆக்சிஜனும் இருக்கும். ஈரம் ரிம்மை அரிக்கும். பிரேக் சூட்டில் ரப்பரிலிருந்து கிளம்பும் ஆவி ஆக்சிஜனோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடும்.

மாற்றும்போது, அச்சு நட்டைத் தளர்த்தும் முன் டயரின் அழுத்தத்தை முழுதும் இறக்குங்கள். விமானச் சக்கரம் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்தது. போல்ட்டுகள் உடைந்திருந்தால் அந்த நட்டு மட்டுமே இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். தளர்த்தினால் பாதிகள் குண்டு போலத் தெறிக்கும். நைட்ரஜன் வண்டியில் அழுத்தம் மிக அதிகம், எனவே ரெகுலேட்டர் இல்லாமல் நிரப்பவே கூடாது. புதுச் சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கினால்தான் பேரிங் சரியாக உட்காரும். பிரேக் கொதிக்கிற விமானத்தைப் பக்கவாட்டில் நெருங்காதீர்கள். முன்னாலோ பின்னாலோதான் போக வேண்டும். வெடித்தால் துண்டுகள் பறப்பது பக்கவாட்டில்.

கேள்வி: சார், வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் கேசி-135 எவ்வளவு எரிபொருள் கொடுக்கும்?

அதிகபட்சம் 2,00,000 பவுண்டு, ஏறத்தாழ 90,700 கிலோ. இரண்டு விமானிகளும், வாலில் குப்புறப் படுத்தபடி குழாயை இயக்கும் ஒருவருமாகக் குறைந்தது மூன்று பேர். இந்த ரகத்தின் கடைசி விமானம் 1965-இல் ஒப்படைக்கப்பட்டது. அறுபது வயது உடம்பு என்பதால்தான் மேலே அரிப்பைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

கேள்வி: சூறாவளி வந்தால் தளம் என்ன செய்யும்?

ஒகினாவாவில் அதற்கென்றே டி-கோர் என்ற எச்சரிக்கைப் படிகள் உண்டு. அளவுகோல் 50 நாட், அதாவது மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர் காற்று. 72 மணி நேரத்துக்குள் அது வரக்கூடும் என்றால் நிலை 4. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை தளம் எப்போதுமே இந்த நிலையில்தான் இருக்கும். 48 மணி என்றால் 3, 24 என்றால் 2, 12 என்றால் 1. காற்று 34 நாட்டைத் தொட்டதும் '1 எச்சரிக்கை', 50 நாட்டைத் தொட்டதும் '1 அவசரம்'. அவசர நிலையில் யாரும் வெளியே வரக் கூடாது.

பறக்கக்கூடிய விமானங்கள் முன்கூட்டியே வேறு தளங்களுக்குப் போய்விடும். எனவே நிலை 3-இலேயே பராமரிப்புக்காரர்களுக்குத் தலைவலி ஆரம்பம்: பிரித்துப்போட்ட விமானத்தைப் பறக்கும்படி மூட முடியுமா, இல்லை ஹேங்கருக்குள் இழுக்க வேண்டுமா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டும். கடைசி நாளில் முடிவெடுத்தால் ஹேங்கரில் இடம் இருக்காது. ஜெனரேட்டர், ஏணி, நைட்ரஜன் வண்டி எல்லாவற்றையும் உள்ளே தள்ள வேண்டும், முடியாததைச் சங்கிலியால் கட்ட வேண்டும். குப்பைத்தொட்டி மூடிகூட அந்தக் காற்றில் எறிகணைதான். வீடுகளில் பால்கனிச் செடித்தொட்டி, பிள்ளைகளின் சைக்கிள் உள்ளே வர வேண்டும்; குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும்.

புயல் போனபின் அவசரப்படுவதுதான் ஆபத்து. அறுந்த மின்கம்பி, தளர்ந்த தகடுகளைச் சரிபார்த்து, ஓடுபாதை முழுக்க எஃப்.ஓ.டி. பொறுக்கி முடித்த பிறகே முதல் விமானம் திரும்பும். வெளியே நின்ற கருவிகளை அன்றே நன்னீரில் அலச வேண்டும், ஏனென்றால் புயல் மழை உப்பு மழை.

கேள்வி: புதிதாக வருபவர் எப்போது தனியாக வேலை செய்யலாம்?

தொழிற்பள்ளி முடித்து வருபவர் 3ஆம் நிலை, அதாவது கற்றுக்குட்டி. ஒவ்வொரு வேலையையும் பயிற்சியாளர் முன் செய்துகாட்டி, பயிற்சிப் பதிவில் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கி 5ஆம் நிலைக்குப் போக வேண்டும். மேற்பார்வையும் பரிசோதனைக் கையெழுத்தும் 7ஆம் நிலைக்காரர் பொறுப்பு. தம்பிமார்களுக்கு ஒன்று சொல்வேன்: கையேடு பக்கத்தில் திறந்திருக்க வேண்டும். மனப்பாடமாகத் தெரிந்த வேலையில்தான் ஒரு படி விட்டுப்போகும்.

கேள்வி: ரசாயனத் தாக்குதல் ஒத்திகையில் ஆட்கள் மயங்கி விழுவது ஏன்?

சூடு. மாப் என்ற ரசாயனப் பாதுகாப்பு உடை நிலைகளில் 1 என்றால் மேலுடை, 2-இல் காலணி மேலுறை, 3-இல் முகமூடி, 4-இல் கையுறையும் சேரும். நான்காம் நிலையில் வியர்வை ஆவியாக வழியே இல்லை. வெப்பம், வெயில், ஈரம், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு 32.2 டிகிரியைத் தாண்டினால் கறுப்புக் கொடி, அதாவது உச்ச எச்சரிக்கை. முழு உடையில் இருந்தால் அந்த அளவோடு இலேசான வேலைக்கு 5.5 டிகிரி, அதைவிடக் கடினமான வேலைக்கு 11 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும். ஒகினாவா ஆகஸ்டில் அது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடுங்கள். தண்ணீர் தொடர்ந்து குடிக்க வேண்டும், ஆனால் மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே ஆளைச் சாய்க்கும்.

கேள்வி: ஓய்வு நேரத்தில் என்ன செய்யலாம்?

தளத்துக்குள் பௌலிங், கோல்ஃப், உடற்பயிற்சிக் கூடம், படகுத்துறை எல்லாம் உண்டு. தீவின் வடக்கே ஒகுமாவில் கடற்கரை விடுதியும் இருக்கிறது. பலரும் ஸ்கூபா பழகுகிறார்கள். பறக்கும் பணியில் இருப்பவர் ஸ்கூபா மூழ்கினால் 24 மணி நேரம் பறக்கக் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழாகும். மது குடித்தால் 12 மணி நேரம்.

கோடையில் ஹபு ஜெல்லிமீன் கொட்டும். தேய்க்காமல் நிறைய வினிகர் ஊற்றி, இழைகளை எடுத்து, மருத்துவமனைக்குப் போங்கள். நீலக் குமிழி போல மிதக்கும் இன்னொரு இனத்துக்கு வினிகர் ஊற்ற வேண்டாம் என்பதே ஒகினாவாவில் தரும் அறிவுரை. கடல்நீரால் அலசுங்கள்.

கேள்வி: வண்டி ஓட்ட?

அமெரிக்க உரிமம் மட்டும் போதாது, தளத்தில் தேர்வெழுதித் தனி அனுமதி வாங்க வேண்டும். இடப்பக்கம் ஓட்டம். ஜப்பானில் குடித்து ஓட்டுவதற்கான வரம்பு மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம்தான். முதல் மழையில் சாலை சோப்பு போல வழுக்கும், ஏனென்றால் தாரில் பவளச் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறது.

கேள்வி: ஐயா, சுற்றி வாழும் மக்கள் இந்த இரைச்சலை எப்படித் தாங்குகிறார்கள்?

தாங்கவில்லை என்பதால்தான் 1982-இலேயே வழக்குப் போட்டார்கள், இன்றும் போராடுகிறார்கள். 1996-இல் இரு அரசுகளும் செய்த உடன்பாட்டின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தவிர்க்க முடியாத பறப்பு மட்டுமே. இரவு ஷிஃப்ட்காரர்கள் இன்ஜினை உயர்வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தால், நேரத்தையும் ஒலி அடக்கும் கூடத்தையும் முதலிலேயே திட்டமிட வேண்டும். விடிகாலை 3 மணிக்கு ஒரு வால்வை மாற்றிவிட்டு இங்கேயே ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று நினைக்கக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1959 ஜூன் 30 அன்று கடேனாவிலிருந்து கிளம்பிய எஃப்-100 போர் விமானம் ஒன்று தீப்பிடித்து, இஷிகாவாவின் மியாமோரி தொடக்கப்பள்ளி மீது விழுந்தது. விமானி குதித்துத் தப்பினார். கீழே 17 பேர் இறந்தார்கள், 11 பேர் பள்ளிப் பிள்ளைகள். பெருக்கல் குறியை நீக்கக் கையெழுத்துப் போடுபவர் ஒவ்வொருவருக்கும் இந்தப் பள்ளியின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.