மூர் மார்க்கெட் பாஸில் பீச் வண்டி ஏறலாமா?

கேள்வி: நான் மீஞ்சூரில் வசிக்கிறேன். பெரியமேட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மீஞ்சூர்–சென்ட்ரல் மூன்று மாத சீசன் டிக்கெட் எடுத்தேன்; அதில் இன்னும் பாதிக்கு மேல் நாள் மிச்சம் இருக்கிறது. இப்போது பாரிமுனையில் வேலை கிடைத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கடற்கரை நிலையத்துக்குப் போகும் பீச் வண்டியில் இதே பாஸை வைத்துக்கொண்டு போகலாமா? கூட வருபவர்கள், 'எல்லாம் சென்னைதானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் ஒருவர், நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் இரண்டு பக்கமும் செல்லும் பாஸ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: பாதை இரண்டாகப் பிரியும் கொருக்குப்பேட்டை வரை தாராளமாகப் போகலாம், அதற்கு அப்பால் அந்தப் பாஸை மட்டும் வைத்துக்கொண்டு போகக்கூடாது. வாசலில் நிற்பவரை எந்தக் காரணம் கொண்டும் நம்பக்கூடாது. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாளைக் காலை கூட வருபவர்கள் உங்களை மறுபடியும் குழப்பிவிடுவார்கள் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் சீசன் டிக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தொகையையும் கடைசித் தேதியையும் எல்லோரும் பார்க்கிறார்கள். எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை, எந்த வழியாக என்று அச்சாகியிருப்பதைப் படிப்பவர்கள் குறைவு. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய உரிமை முழுவதும் அந்த எழுத்துகளுக்குள்தான் இருக்கிறது. சேருமிடம் எம்.எம்.சி. என்றிருந்தால் அது மூர் மார்க்கெட் வளாகத்தைக் குறிக்கும். 1985-இல் தீப்பிடித்து அழிந்த பழைய மூர் மார்க்கெட் இருந்த இடத்தில், சென்ட்ரலை ஒட்டிக் கட்டப்பட்ட புறநகர் நிலையம் அது. 'சென்னை' என்ற ஊருக்குப் பாஸ் எவரும் தருவதில்லை. ஒரு நிலையத்துக்குத்தான் தருகிறார்கள்.

நம் பாதை ஏன் இரண்டாகப் பிரிகிறது என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. சென்ட்ரல் நிலையம் 1873-இல் வந்தது. விஜயவாடாவையும் சென்னையையும் இணைக்கும் வடக்குப் பாதை 1899-இல் முடிந்தபோது, நகரில் ரயில் வந்து நிற்பதற்கு ஏற்கெனவே இரண்டு வாசல்கள் இருந்தன. கும்மிடிப்பூண்டி வரை 1979-இல் மின்மயமாகி மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் அந்த அமைப்பு மாறவில்லை. இன்றும் வடக்கிலிருந்து வரும் வண்டி கொருக்குப்பேட்டையில் இரண்டில் ஒரு பக்கம் திரும்புகிறது: ஒரு கிளை பேசின் பாலம் வழியாக மூர் மார்க்கெட்டுக்கும், மற்றொன்று வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்துக்கும் போகின்றன. ஆகவே மூர் மார்க்கெட் பாஸை வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டை நடைமேடையில் நிற்பவர், ரயில்வேயின் பார்வையில் தன் பயண எல்லையைத் தாண்டி வந்தவர்.

தாண்டினால் என்ன ஆகும்? 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 138-ஆம் பிரிவின்படி, கூடுதலாகப் பயணம் செய்த தூரத்துக்கான கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதையும் சேர்த்து வசூலிப்பார்கள். புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணமே 5 ரூபாய்தான் என்பதால் உங்கள் விஷயத்தில் 250 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாய்த் தூரத்துக்கு இருநூற்றைம்பது அபராதமா என்று டி.டி.ஆரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் அந்தத் தொகையைத் தீர்மானிப்பவர் அல்லர்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தவறாகப் புரிந்துகொண்டுதான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கொருக்குப்பேட்டையிலோ, அதற்கு வடக்கே தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர் போன்ற நிலையங்களிலோ இறங்குபவருக்கு, தாம் ஏறிய வண்டி பீச் வண்டியா சென்ட்ரல் வண்டியா என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. இரண்டும் அந்த இடம் வரை ஒரே பாதையில்தான் வருகின்றன. சூலூர்பேட்டையிலிருந்து வரும் புறநகர் ரயிலும் அப்படியே. இதைப் பார்த்துப் பழகிய திருவொற்றியூர்க்காரர்தான், 'நான் வருஷக்கணக்கில் எந்த வண்டியிலும் ஏறுகிறேன், ஒருவரும் கேட்டதில்லை' என்று உங்களிடம் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பயணம் பாதை பிரியுமிடத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. உங்களுடையது பிரிந்த பிறகு முடிகிறது. கடற்கரைக்குப் பாஸ் எடுத்துவிட்டு, ஒரு நாள் அவசரத்துக்குச் சென்ட்ரல் வண்டியில் ஏறிப் பேசின் பாலம் போகிறவருக்கும் இதே சட்டம்தான். பெரிய பாஸ் சின்னப் பாஸை உள்ளடக்கும் என்ற நினைப்பு, ஒரே நேர்கோட்டில் இருக்கும் நிலையங்களுக்கு மட்டுமே பொருந்தும். கிளை பிரிந்த பிறகு எது பெரியது, எது சின்னது என்ற பேச்சுக்கே இடமில்லை. வண்டியில் கண் அயர்ந்து, விழித்துப் பார்க்கும்போது ராயபுரம் வந்துவிட்டது என்பதும் விதிவிலக்கு ஆகாது.

மிச்சம் இருக்கும் நாட்களுக்கு என்ன செய்வது? பயன்படுத்தத் தொடங்கிவிட்ட சீசன் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. ஆகவே அதை வீணாக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். பீச் வண்டியில் வருவதானால், கொருக்குப்பேட்டை–கடற்கரைப் பகுதிக்குத் தனி டிக்கெட்டோ மாதப் பாஸோ கையில் இருக்க வேண்டும். ஏறுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். டி.டி.ஆரைப் பார்த்த பிறகு செல்பேசியைத் தட்டுவதற்குப் பெயர் டிக்கெட் எடுப்பது அல்ல. தண்டவாளத்தின் அருகில் இருந்துகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்க ரயில்வேயின் செயலியும் அனுமதிக்காது. இல்லையென்றால், வழக்கம்போல மூர் மார்க்கெட்டில் இறங்கி, மெட்ரோவில் ஒரே நிலையம் தள்ளி இருக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்; பேருந்தும் உண்டு. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பூங்கா நிலையத்தில் ஏறிக் கடற்கரைக்குப் போவதானாலும் தனி டிக்கெட் வேண்டும். உங்கள் பாஸ் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் வராது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, அங்கே மாறிக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாறலாம், ஆனால் மெட்ரோ வேறு நிறுவனம், ரயில் பாஸ் அங்கே செல்லாது.

பாஸ் முடிந்த பிறகு கடற்கரைக்கு எடுப்பதா, பழையபடி மூர் மார்க்கெட்டுக்கே எடுப்பதா என்பதை மாலை நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். நம் பாதையில் பெரும்பாலான வண்டிகள் மூர் மார்க்கெட்டுக்கே ஓடுகின்றன. கடற்கரையிலிருந்து கிளம்புபவை குறைவு. காலையில் பீச் வண்டி சௌகரியமாக இருந்தாலும், இரவு கடை மூடிய பிறகு நடைமேடையில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பதை இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது.

கடற்கரைக்கே எடுப்பதென்று முடிவு செய்தால் இன்னொரு சிக்கலைக் கவனியுங்கள். பழைய பாஸ் முடியும் சமயத்தில் செயலியிலோ இயந்திரத்திலோ 'புதுப்பி' என்பதை அழுத்தினால், அது பழைய வழியையே, அதாவது மூர் மார்க்கெட்டையே, புதுப்பித்துக் கொடுத்துவிடும். வழி மாற வேண்டுமானால் புதிய பாஸ் எடுக்க வேண்டும். செயலியில் எடுக்கும் புதிய பாஸ் மறுநாளிலிருந்துதான் செல்லும் என்பதால், காலையில் வீட்டு வாசலில் எடுத்துவிட்டு அதே காலை வண்டியேறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் வருவீர்கள். முந்தின நாள் இரவே எடுத்துவிடுங்கள். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் காகிதமில்லாப் பாஸ் எடுத்தால், அதைச் செயலிக்குள்ளேயே திறந்து காட்ட வேண்டும். திரைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், மகளின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி வைப்பதும் செல்லாது. செல்பேசியில் சார்ஜ் நிற்காது என்றால் கவுன்ட்டரில் காகிதப் பாஸே வாங்குங்கள். என்னைக் கேட்டால், தினமும் ஒரே பாதையில் போகிறவருக்குக் காகிதப் பாஸும் அதனுடன் சேர்ந்த அடையாள அட்டையும்தான் நிம்மதி.

இனி அந்த நூறு ரூபாய்க்காரர். இவரைப் போன்றவர்கள் வடக்குப் பாதைக்கு மட்டும் உரியவர்கள் அல்லர். வரிசை நீளமாக இருக்கும் எல்லா நிலையங்களின் வாசலிலும் இருக்கிறார்கள். அவரால் செய்யக்கூடியவை மூன்றே. ஒன்று, கவுன்ட்டரில் எவர் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண பாஸையே வாங்கிக் கொடுத்துவிட்டு நூறு ரூபாயைப் பையில் போட்டுக்கொள்வார். இரண்டு, வேறொருவர் பெயரில் உள்ள பாஸைத் தருவார். மூன்று, எழுத்துகளை மாற்றி அச்சடித்த போலியைத் தருவார். முதலாவதில் உங்களுக்குப் போவது பணம் மட்டும். மற்ற இரண்டிலும் மாட்டுவது அவர் அல்ல, நீங்கள். சீசன் டிக்கெட்டைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது. ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்வது 137-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். அனுமதியில்லாமல் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு 143-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டுதான். ஆனால் பரிசோதனை நடக்கும் நேரத்தில் அவர் நடைமேடையில் இருக்கமாட்டார். உங்களிடம் ஆதார் நகலும், செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் கேட்டிருந்தால் இரண்டையும் கொடுக்காதீர்கள். சீசன் டிக்கெட் எடுக்க ஓ.டி.பி.யை மூன்றாம் மனிதரிடம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

இவரையும், ரயில்வே உரிமம் பெற்று நிலையத்துக்கு அருகே கடை வைத்து டிக்கெட் தரும் முகவரையும் ஒன்றாக நினைத்துவிடக்கூடாது. பின்னவர் சட்டப்படி சொற்பச் சேவைக் கட்டணம் வாங்கலாம். எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள். நிலையத்துக்குள் தானியங்கி இயந்திரத்தின் அருகில் நின்று டிக்கெட் எடுத்துத் தரும் உதவியாளருக்கு, அச்சாகியிருக்கும் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. அவருக்கான ஊதியம் ரயில்வே தரும் கமிஷனிலேயே வந்துவிடுகிறது. 'சில்லறை இல்லை' என்று மிச்சத்தை வைத்துக்கொள்வது ஒரு பழைய வித்தை. சரியான சில்லறையோடு போங்கள்.

இவ்வளவு விளக்கம் தேவைப்படுவதே வெட்கக்கேடு. கிளை பிரியும் நிலையத்துக்கு முந்தைய நிலையங்களில், 'இந்த வண்டிக்கு இந்தப் பாஸ் இதுவரைதான் செல்லும்' என்று தமிழில் ஒரு பலகை வைத்தால் போதும். பாதி அபராதம் குறைந்துவிடும். குறைந்துவிடும் என்பதற்காகத்தான் வைக்கவில்லையோ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பாஸில் வழியை ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் அச்சடித்துவிட்டு, அது புரியாத பயணியிடம் அபராதம் வாங்குகிறார்கள். அத்திப்பட்டுக்கு அப்பால் இரண்டே தடங்களில் விரைவு வண்டி, சரக்கு வண்டி, மின்சார ரயில் எல்லாம் ஓட வேண்டியிருப்பதால், மீஞ்சூரிலிருந்து வருபவர் குறித்த நேரத்துக்கு வண்டி வரும் என்றே நம்ப முடிவதில்லை. முதலில் வந்த வண்டியில் தொற்றிக்கொள்கிறார். தாமதத்துக்கு நிர்வாகம் ஒரு ரூபாய் தருவதில்லை. வண்டி மாறி ஏறியதற்குப் பயணி 250 ரூபாய் தர வேண்டும். சீசன் கட்டணம் மலிவு என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். மலிவுதான்; மாதக் கட்டணத்தைப் பதினைந்து ஒற்றைப் பயணங்களின் அடிப்படையில்தான் கணக்கிடுகிறார்கள். 2014-இல் அதை முப்பதாக்க முடிவெடுத்து, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார்கள். மலிவாகக் கொடுப்பதைப் புரியும்படி கொடுப்பதில் என்ன செலவு என்று தெரியவில்லை.

ஒருவேளை இந்தப் பதிலைப் படிப்பதற்குள் நீங்கள் ராயபுரத்திலோ கடற்கரையிலோ நிறுத்தப்பட்டால், பாஸையும் அடையாள அட்டையையும் முதலிலேயே காட்டி, கொருக்குப்பேட்டை வரை உங்களிடம் செல்லத்தக்க டிக்கெட் இருக்கிறது என்று சொல்லுங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்தோ சூலூர்பேட்டையிலிருந்தோ கணக்குப் போட இடம் தராதீர்கள். கேட்பவரின் அடையாள அட்டையையும் பெயர்ப் பட்டையையும் பாருங்கள். சீருடை போலக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வசூல் செய்தவர்கள் பிடிபட்டதுண்டு. தொகையைக் கொடுத்தால் அச்சிட்ட ரசீதை அங்கேயே வாங்குங்கள். 'ரசீது வேண்டாமென்றால் நூறு கொடுத்துவிட்டுப் போங்கள்' என்றால், 250 கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, அந்த ரசீதோடு 139 என்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.