விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வீட்டு வேலையாட்கள்: கேள்வி பதில்

கேள்வி: நடுத்தரக் குடும்பத்தில் எத்தனை வேலையாட்கள் இருந்தார்கள்?

பதில்: தொலைக்காட்சித் தொடர்களில் வரும் மாளிகைகளை மறந்துவிடுங்கள். 1861-இல் வெளிவந்த திருமதி பீட்டனின் இல்லறக் கையேடு, ஆண்டுக்கு 1,000 பவுண்டு வருமானமுள்ள வீட்டுக்கு ஐந்து பேரையும், 500 பவுண்டுக்குச் சமையற்காரி, பணிப்பெண், குழந்தைகளுக்கான தாதி என மூவரையும், 150 அல்லது 200 பவுண்டுக்கு எல்லா வேலைகளையும் தனியாகச் செய்யும் ஒரு பெண்ணையும் பரிந்துரைக்கிறது. ஆனால் கையேடு, வீடு எப்படி நடக்கவேண்டும் என்று சொல்வதே தவிர, எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி அன்று.

கேள்வி: சம்பளம் எவ்வளவு?

பதில்: அதே கையேட்டின்படி, தனியாக உழைத்த அந்தப் பெண்ணுக்கு ஆண்டுக்கு 9 முதல் 14 பவுண்டு, தேயிலை, சர்க்கரை, பீருக்குத் தனிப்படி தந்தால் ஏழரை முதல் 11 பவுண்டு. இதுவும் கையேட்டுக் கணக்குதான்.

கேள்வி: ஆண் வேலையாள் வைப்பதில் ஏன் அவ்வளவு பெருமை?

பதில்: அவனுக்கு வரி கட்டவேண்டும். அமெரிக்கப் போர்ச் செலவுக்காக 1777-இல் வந்த வரி, 1869-இல் ஆளுக்கு 15 ஷில்லிங் உரிமக் கட்டணமாகி, 1937 வரை நீடித்தது.

கேள்வி: ஒரு மாத முன்னறிவிப்பு தரும் வழக்கம் இருந்ததால், பணிப்பெண்களுக்குப் பாதுகாப்பு இருந்தது என்பது என் கருத்து. சரிதானே?

பதில்: சரியன்று. முன்னறிவிப்போ ஒரு மாதச் சம்பளமோ தரும் வழக்கம் இருந்தது உண்மை; கீழ்ப்படியவில்லை என்று எசமானர் நிறுவிவிட்டால் அது செல்லாது. சாகும் நிலையிலிருந்த தாயைப் பார்க்க விடுப்புக் கேட்டு, அது மறுக்கப்பட்டதும் அனுமதியின்றி ஓரிரவு போய்வந்த பெண்ணை உடனே நீக்கியது முறையே என்று 1845-இல் டர்னர் எதிர் மேசன் வழக்கில் நீதிமன்றம் கூறியது. அதைவிடக் கூரிய ஆயுதம் நன்னடத்தைக் கடிதம். முந்தைய எசமானியின் கடிதமில்லாதவளை நல்ல வீடுகளில் சேர்ப்பது அரிது. அதை எழுதித் தரவேண்டிய கடமையோ எசமானிக்குச் சட்டப்படி இல்லை. பொய்க் கடிதத்துக்கு 1792-ஆம் ஆண்டுச் சட்டம் 20 பவுண்டு அபராதம் விதித்தது. எழுத மறுத்தவரை எந்தச் சட்டமும் தொடவில்லை.

கேள்வி: நான்தான் மீண்டும் கேட்கிறேன். ஜேன் வில்பிரெட் என்ற பணிப்பெண்ணைப் பட்டினி போட்ட வழக்குரைஞர் ஸ்லோன் சிறை சென்றதும், அதையொட்டி 1851-இல் சட்டம் வந்ததும் பாதுகாப்பில்லையா?

பதில்: நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் கட்சிக்கே உதவுகிறது. ஏழையர் விடுதியிலிருந்து வேலைக்குப் போன பெண் எலும்பும் தோலுமாகி ஊரே கொதித்த பிறகுதான், உணவு தரும் கடமையுள்ள எசமானர் அதை வேண்டுமென்றே மறுப்பதைச் சட்டம் குற்றமாக்கியது. நன்னடத்தைக் கடிதத்தைப் பற்றி அச்சட்டமும் வாய் திறக்கவில்லை. பட்டினி கிடக்காதவள் பாதுகாப்பாக இருந்தாள் என்று நீங்கள் சொன்னால், நான் மேலே வாதாடப் போவதில்லை.

கேள்வி: பணிப்பெண்ணின் சம்பளத்தை ரூபாயில் சொல்ல முடியுமா?

பதில்: சம்பளம் மேலே இருக்கிறது. உணவும் உறைவிடமும் சேர்ந்த கூலியை இன்றைய ரூபாயாக்கினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை.

கேள்வி: என் நாவலுக்காக, ஒரு பணிப்பெண்ணின் ஒருநாள் வேலையை அந்தக் கையேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் பதிலின் கடைசி வாக்கியத்தைப் படியுங்கள்.

கேள்வி: சென்னையில் துரைமார் வீட்டு ஆயாக்கள், பட்லர்கள்?

பதில்: அது என் துறையன்று. 1830-களில் சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஜூலியா மெயிட்லண்டின் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள். அவர் எசமானி என்பதை மட்டும் மறவாதீர்கள்.