மணல் எங்கே போகிறது? கடற்கரை கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படம் இணைத்தவை. எந்த மாதம் எடுத்த படம் என்று எழுதியவர்கள் இரண்டே பேர். மாதம் தெரியாத கடற்கரைப் படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆடியில் பார்த்த கரை மார்கழியில் இருக்காது.

கே: அலை நேராகத்தானே கரையில் மோதுகிறது? மணல் எப்படிப் பக்கவாட்டில் நகரும்? (கடலூர்)

ப: நேராக மோதுவதில்லை. அலை விளிம்பில் ஒரு கிளிஞ்சலைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அலை அதைச் சாய்வாக மேலேற்றும். நீர் வடியும்போது நேராகக் கீழே இறக்கும். ஒவ்வோர் அலைக்கும் ஓரடி, ஈரடி தள்ளிப் போய்விடும். மணலும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே திரும்பும். வடக்கே போகும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்றும் தெற்கே திரும்புவதை வன்னி என்றும் சொல்வார்கள். தெண்டிக் காலம் நீளம். அதனால் ஆண்டுக் கணக்கில் சில லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போய்ச் சேர்கிறது.

கே: மெரினா எப்போதுமே இவ்வளவு அகலமா? (திருவல்லிக்கேணி)

ப: இல்லை. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கும்வரை கடல், கடற்கரைச் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. துறைமுகச் சுவர் மணலை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிந்தது. நீங்கள் உட்காரும் மணல் அங்கே போயிருக்க வேண்டிய மணல்.

கே: எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்) கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். எத்தனை போட்டால் போதும்? (மரக்காணம் அருகே)

ப: உங்களுக்கு வடக்கே இருக்கும் ஊரைக் கேட்டீர்களா? மனுவில் அந்த ஊரின் பெயரே இல்லை. தூண்டில் வளைவு மணலை உண்டாக்காது. போகிற மணலைப் பிடித்து வைக்கும். தெற்குப் பக்கம் மேடாகும், வடக்குப் பக்கம் பள்ளமாகும். அங்கே இன்னொன்று கேட்பார்கள், பிறகு அதற்கும் வடக்கே.

உங்களுக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் வந்தன. துறைமுக வாயருகே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்தின் கடற்கரை போயிற்று. கல் கொட்டினார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று ஏறித் தமிழகக் குப்பங்களுக்குள் வந்துவிட்டது. பொம்மையார்பாளையத்தில் தென்னையின் வேர் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்தேன். அதன் கீழே ஒரு வீட்டின் துவைகல் அலையில் கிடந்தது.

நேராகக் கல் கொட்டுவதும் மாற்றாகாது. கல்லில் மோதித் திரும்பும் அலை முன்னால் இருக்கும் மணலையும் வாரிக்கொண்டு போகும். கல் கொட்டிய கரையில் படகை ஏற்ற முடியாது, கரைவலை இழுக்க முடியாது, கருவாடு காயவைக்க இடம் இருக்காது. இதை எத்தனை முறை எழுதினாலும் 'எத்தனை போட வேண்டும்' என்றே கடிதம் வருகிறது. எது மணலை மறிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மறித்த இடத்தில் எடுத்து, குறைந்த இடத்தில் போடச் சொல்லி மனு எழுதுங்கள். கையெழுத்தை வடக்கு ஊரிலும் வாங்குங்கள்.

கே: அடையாறு முகத்துவாரத்தை ஆண்டுதோறும் வெட்டுகிறார்கள், திரும்ப மூடிக்கொள்கிறதே? (பெசன்ட் நகர்)

ப: மூடத்தான் செய்யும். கோடையில் ஆற்றுக்கு மணலைத் தள்ளும் விசை இல்லை. கழிமுகத்தைத் தூர்த்துவிட்டால் ஏறி இறங்கும் ஓத நீரும் குறைகிறது. மழை வெள்ளம் வரும்போது தானே உடைக்கும். முகத்துவாரத்தை மூடும் மணல் திட்டின் நுனியில் நிற்காதீர்கள். காலடி மணல் சொல்லாமல் சரியும்.

கே: கரையில் கறுப்பு வரிகள். எண்ணெய்க் கசிவா? (கன்னியாகுமரி)

ப: கையில் அள்ளிப் பார்த்தீர்களா? பிசுபிசுக்காமல் கனமாக இருந்தால் இல்மனைட் என்ற கனிம மணல். பெரிய அலை எடை குறைந்த வெள்ளை மணலை அடித்துக்கொண்டு போய், கனத்ததை விட்டுவிடுகிறது. வரி சிவப்பாக இருந்தால் அது கார்னெட் என்ற கனிம மணல்.

கே: தனுஷ்கோடி அரிச்சல்முனையின் வடிவம் என்னிடம் இருக்கும் வரைபடத்தோடு பொருந்தவில்லை. (ராமநாதபுரம்)

ப: மன்னார் வளைகுடா ஒரு பருவத்தில் மணலைக் கொண்டுவந்து சேர்க்கிறது, பாக் விரிகுடா மறு பருவத்தில். முனை அதற்கேற்ப நீள்கிறது, வளைகிறது. இரண்டு ஓட்டங்கள் சேரும் இடம், தண்ணீரில் இறங்காதீர்கள். உங்கள் வரைபடம் எந்த மாதத்தது?