வேப்பம்பூ உதிர்ந்தபின் தேனீப் பெட்டிக்கு வெல்லக் கரைசல் கொடுக்கலாமா?

வெல்லம் வேண்டாம், தேனீக்களுக்கு வயிற்றுப்போக்கு வரும். காரைக்குடியில் உங்கள் இரண்டு பெட்டியும் லேசாகி, வாசலில் வெள்ளைப் புழுக்கள் (தேனீக் குஞ்சுகள்) கிடப்பது பெரும்பாலும் பசிதான். ஆனால் அடையின் கண்ணறைக்குள் புழு பைபோல வீங்கியிருந்தால் அது நோய்.

முதலில் பெட்டியின் மேலுள்ள தேன் அறையை எடுத்துவிடுங்கள், நீங்கள் விற்கும் தேனில் சீனிப் பாகு கலக்கக் கூடாது. வெள்ளைச் சீனியும் வெந்நீரும் எடைக்கு எடை கரைத்து ஆறவையுங்கள். பெட்டிக்கு 200 மில்லி, சிரட்டையில் ஊற்றி, பொழுது சாய்ந்தபின் உள்ளேயே வையுங்கள். சுள்ளி மிதக்கவிடாவிட்டால் ஈக்கள் மூழ்கும். இரண்டுக்கும் ஒரே மாலையில் கொடுங்கள். வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்குங்கள். வெளியே ஒரு சொட்டுச் சிந்தினாலும் வலுத்த கூட்டம் மற்றதைக் கொள்ளையடிக்கும். மறுநாள் மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள், புளித்துவிடும். பெட்டித் தாங்கியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் மறக்காதீர்கள், எறும்பு விடாது.

தள்ளிப்போடாதீர்கள். நம்ம இந்தியத் தேனீ பட்டினியைப் பொறுக்காது, கூட்டோடு கிளம்பிவிடும்.