புரையேறியது நின்றுவிட்டது, இருமல் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: என் மகளுக்கு ஒரு வயது நான்கு மாதம். பத்து நாள் முன்னால் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போயிருந்தோம். ஏசி ஹால், அங்கேயே கொடுத்த குழந்தை நாற்காலி, நூடுல்ஸில் ஒரு வாய், என் மாமியார் ஊட்டிய புளியோதரை, கடைசியில் ஐஸ்கிரீம். நடுவில் ஒருமுறை புரையேறி முகம் சிவந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. மறுநாளிலிருந்து இருமல். மூத்தவனுக்கு வாங்கி வைத்திருந்த இருமல் சிரப்பைக் கொடுத்து வருகிறேன், விடவில்லை. அஜினமோட்டோவா, ஏசியா, ஐஸ்கிரீமா, அந்த நாற்காலியில் இருந்த கிருமியா? இணையத்தில் படித்தால் பயமாக இருக்கிறது. இந்த வயதில் ஹோட்டலுக்குத் தூக்கிப் போனதே தப்பு என்று வீட்டில் எல்லோரும் என்னைத்தான் சொல்கிறார்கள்.
வாசகி, ஈரோடு

பதில்: கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்கு அன்றைக்கே கூப்பிட்டு, குழந்தையை உடனே மருத்துவமனையில் காட்டச் சொன்னேன். அச்சில் வரும்வரை காத்திருக்கக் கூடிய விஷயம் இல்லை இது. ஃபோனில் அவசரமாகச் சொன்னதற்கான காரணத்தை இப்போது விரிவாக எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு இருமலுக்கு சிரப் ஊற்றிக்கொண்டிருக்கும் வேறு வீடுகளும் இருக்கும்.

நீங்கள் சந்தேகப்பட்டுக் கேட்ட நான்கைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: நடுவில் ஒருமுறை புரையேறியது. "புளியோதரையில் நிலக்கடலை இருந்ததா?" என்று கேட்டேன். "ஆமா டாக்டர், நிறையவே போட்டிருந்தாங்க" என்றீர்கள். மூக்கு ஒழுகுகிறதா என்றேன், இல்லை. காய்ச்சல்? இல்லை. சளியும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், புரையேறிய மறுநாளே தொடங்கிப் பத்து நாளாக விடாத இருமல். உள்ளே ஒரு கடலைத் துண்டு இருக்கலாம் என்று நினைத்துத்தான் இந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும். இல்லை என்று நிரூபணமாகும்வரை அந்த நினைப்பை விடக் கூடாது.

புரையேறியது அடங்கிவிட்டதே, அப்படியென்றால் வெளியே வந்திருக்குமே என்று தோன்றும். வந்திருக்கலாம், விழுங்கியிருக்கலாம். ஆனால் மூச்சுக்குழாயைத் தாண்டி நுரையீரலுக்குள் பிரியும் கிளைக் குழாய் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டாலும் இதே மாதிரிதான் அடங்கும். உள்ளே போன கணத்தில் பலமாக இருமல் வரும், கண்ணில் நீர் வரும். அப்புறம் அந்த இடம் பழகிப்போகும். குழந்தை சிரிக்கும், ஐஸ்கிரீம் கேட்கும். இந்த அமைதிதான் பெற்றோரை ஏமாற்றுகிறது. நிலக்கடலை அங்கே சும்மாவும் இருக்காது. ஈரத்தில் ஊறிப் பருக்கும். அதன் எண்ணெய் பட்ட சவ்வு சிவந்து வீங்கும். நாளாக ஆக, முதலில் காற்றுக்கு இருந்த வழியும் குறுகும். மூச்சை இழுக்கும்போது குழாய் விரிவதால் காற்று உள்ளே போகும், விடும்போது சுருங்குவதால் வெளியே வராது. அந்தப் பக்கத்து நுரையீரல் காற்றை அடைத்துக்கொண்டு உப்பும். முழுசாக அடைபட்டால் சுருங்கும், சீழ் பிடிக்கும், நிமோனியாவாகும்.

சில வருடங்களுக்கு முன் ஒன்றரை வயதுப் பையன் ஒருவனை என்னிடம் கொண்டுவந்தார்கள். மூன்று வாரமாக வீசிங் என்று மருந்து. ஆவி பிடிக்க வைத்திருக்கிறார்கள், இரண்டு ஆன்டிபயாடிக் மாற்றியிருக்கிறார்கள். ஸ்டெதஸ்கோப்பை வலது மார்பில் வைத்தால் காற்று நன்றாகக் கேட்டது. இடது பக்கம் ஏதோ மூடிய அறைக்கு வெளியே நின்று கேட்பதுபோல் இருந்தது. "ஏதாவது சாப்பிடும்போது புரையேறியதா?" என்று அம்மாவிடம் கேட்டேன். இல்லை என்றார். பின்னால் நின்றிருந்த பாட்டி மெதுவாக, "தீபாவளி மிக்சர் தின்னப்போ ஒருவாட்டி ஏறுச்சு. தலையில தட்டினேன், சரியாப் போச்சு" என்றார். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுத்தபோது, இடுக்கியின் முனையில் பாதி நிலக்கடலைப் பருப்பு. ஊறி வெளுத்து, விரலால் நசுக்கினால் மாவாகிவிடும்போல இருந்தது. மூன்று வாரத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, வீட்டிலும் யாரும் சொல்லவில்லை.

அதனால் மருத்துவமனையில் "பத்து நாளாக இருமல்" என்று தொடங்காதீர்கள். "நிலக்கடலை போட்ட சாதம் ஊட்டும்போது புரையேறியது, மறுநாளிலிருந்து இருமல்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் கேட்பவரின் யோசனையையே மாற்றிவிடும். எக்ஸ்ரே எடுப்பார்கள், அது நன்றாக இருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள். காசையும் ஊக்கையும் எக்ஸ்ரே காட்டும், கடலையைக் காட்டாது. அதனால் ஏற்படும் உப்பலோ சுருக்கமோ தெரியலாம், தெரியாமலும் போகலாம். சந்தேகம் தீராவிட்டால் பிராங்கோஸ்கோப்பி, அதாவது மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பதுதான் வழி. பழகிய கைகளுக்கு அது வழக்கமான வேலை; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். கடலை வெளியே வந்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். கிளம்பும் முன் வயிறு நிறைய ஊட்டிவிட வேண்டாம். மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் காலி வயிறு தேவைப்படும். குழந்தை வேகமாக மூச்சு வாங்கினால், விலா எலும்புக்கு நடுவில் சதை உள்வாங்கினால், உதடு நீலமானால் எதற்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த சிரப் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். மூத்தவனுக்கு எழுதியதை இளையவளுக்கு எந்த அளவில் கொடுத்தீர்கள், யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் என்ற இரண்டு சளி மருந்துகள் கலந்த சிரப்பை 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தபோது, 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை மறுபடி அறிவுறுத்தியது. இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே கடலை இருந்தால் அதை வெளியே தள்ளப் பார்க்கும் ஒரே ஆள் அந்த இருமல்தான். பாட்டிலை இன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

அஜினமோட்டோ பத்து நாள் இருமலைத் தராது. அதிலுள்ள குளூட்டமேட் தக்காளியிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறது. ஏசியும் ஐஸ்கிரீமும் இந்த இருமலுக்குக் காரணம் இல்லை. நாற்காலியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார வையுங்கள், போதும். தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து காய்ச்சி ஆறவைத்ததைக் கொண்டுபோங்கள். இவற்றுக்காக இரவெல்லாம் கைபேசியில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கவனித்திருக்கலாம்.

புரையேறும் நேரத்தில் என்ன செய்வது என்று ஃபோனில் கேட்டீர்கள். "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுவது நம் வீடுகளில் எல்லோரும் செய்வது. அதனால் பயன் இல்லை. குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், காற்று போய்வருகிறது என்று பொருள். நிமிர்ந்து உட்கார வைத்து இரும விடுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். தண்ணீரும் வேண்டாம், சோற்று உருண்டையும் வேண்டாம். பயப்பட வேண்டியது சத்தம் நின்றுபோகும்போதுதான். வாய் திறந்திருக்கும், அழுகை வராது, இருமல் வராது, உதடு கறுக்கும். உடனே குழந்தையைத் தொடைமேல் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால், ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் பின்னாலிருந்து கையைக் கொடுத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றை அழுத்தக் கூடாது. மல்லாத்தி, நடுநெஞ்சில் 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும். குழந்தை துவண்டுவிட்டால் தரையில் கிடத்தி சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முதலுதவி. படித்தால் மட்டும் இது கைக்கு வராது. வீட்டில் இரண்டு பேராவது முதலுதவிப் பயிற்சிக்குப் போய் வாருங்கள்.

சரி, ஹோட்டலுக்குப் போனது தப்பா? இல்லவே இல்லை. வீட்டில் கிளறிய புளியோதரையிலும் அதே கடலைதான் இருக்கும். இந்த வயதில் முன்பற்கள் கடிக்கும், ஆனால் அரைப்பதற்குக் கடைவாய்ப் பற்கள் இப்போதுதான் முளைக்கத் தொடங்குகின்றன. மீதி வர இரண்டரை வயதாகலாம். கடித்த பாதிக் கடலையோடு சிரித்தாலோ அழுதாலோ அது மூச்சோடு உள்ளே போகும். அதனால் முழுக்கடலை, முந்திரி, பட்டாணி எதுவும் 4 வயது முடியும்வரை வேண்டாம். நிலக்கடலையையே ஒதுக்கச் சொல்லவில்லை. நைசாக அரைத்த சட்னியாகக் கொடுங்கள், நல்லது.

இட்லி, தோசையின் மெத்தென்ற நடுப்பாகம், குழைந்த பொங்கல் எல்லாம் தாராளமாக ஊட்டலாம். பொங்கலில் முந்திரியும் முழு மிளகும் ஒளிந்திருக்கும். தயிர்சாதத்தில் இப்போது திராட்சையும் மாதுளையும் போடுகிறார்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்காமல் கொடுக்காதீர்கள். பில்லோடு வரும் சோம்புத் தட்டை அவள் கைக்கு எட்டாமல் தள்ளி வையுங்கள், கலர் மிட்டாய் பூசிய சோம்பைப் பார்த்தால் குழந்தைகள் கை நிறைய அள்ளும். அப்புறம், டபராவில் வரும் சூடான காபி. அதை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஒரு டம்ளர் காபி போதும், மார்பு முழுக்கக் கொப்புளமாகிவிடும்.

மாமியாரை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். மருத்துவமனைக்கு அவரையும் கூட்டிப்போகச் சொன்னேன், ஏனென்றால் ஊட்டியவர் அவர். அந்த வாயில் என்ன இருந்தது, எவ்வளவு நேரம் இருமினாள் என்று அவருக்குத்தான் தெரியும். அடுத்த முறையும் அவரே ஊட்டட்டும். தட்டு வந்ததும் கடலை, முந்திரி, மிளகு எல்லாவற்றையும் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, முந்தின வாய் உள்ளே இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்ததை ஊட்டச் சொல்லுங்கள்.